உருளை மேல் ஒரு காலை

இந்த வண்டி எங்கும் போவதில்லை.
நான்கு சங்கிலி போட்டுத் தரையோடு கட்டியிருக்கிறோம்.
அடியில் உருளை சுற்ற, அதன் மேல் டயர் சுற்ற,
மூக்குக்கு நேரே ஆளுயர மின்விசிறி
காற்றைக் கிழித்துப் பறப்பதாக வண்டியை நம்பவைக்கிறது.

என் வேலை திரையில் ஓடும் ஒரு கோட்டைப் பிடிப்பது.
ஏறினால் அழுத்தம், இறங்கினால் பிரேக்.
இரண்டு மைல் வேகம் கூடினாலும் குறைந்தாலும்
ஹைதம் கண்ணாடிக்கு அப்பால் தலையசைப்பான்:
ராத்திரி முழுக்க வண்டியை ஆறப்போட்டு
நாளைக்கு முதலிலிருந்து.

குடித்ததை நாங்கள் அளப்பதில்லை.
மூச்சைப் பையில் பிடித்து, அதிலுள்ள கரியை எண்ணி,
எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று சொல்கிறோம்.
போலீஸ்காரன் ஊதச் சொல்வானே, அந்த மாதிரி.

அந்தக் கோடு யாரோ ஒருவரின் காலை.
ஐம்பது வருஷத்துக்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸில்
வேலைக்குப் போன வழி.
ஏழரை மைல். இருபத்துமூன்று நிமிடம்.
எங்கே அவசரப்பட்டார், எங்கே தயங்கினார்
எல்லாம் என் பாதத்துக்கு மனப்பாடம்.
நூற்றிருபத்தைந்தாவது நொடியில் நிற்பார்.
சிவப்பு விளக்கா, குறுக்கே பள்ளிப் பிள்ளைகளா, தெரியாது.
வெளியே மிஷிகனில் பனி கொட்டும்.
நான் அவருடைய வெயிலில் நிற்பேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஓட்டிய முதல் வண்டி,
கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம்,
கேலனுக்கு முப்பத்தொன்று கொடுத்தது.
நேற்று ஓட்டியதும் முப்பத்தொன்றுதான்.
ஆனால் இதில் ஏறப் படி வேண்டும்,
பின் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பின் சீட்டு,
கோப்பை வைக்கப் பதினான்கு குழி.
கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை,
தீனி மட்டும் இன்னும் எறும்புத் தீனி.
என்ஜின்காரர்கள் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்ததை
மற்றவர்கள் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு ட்ரூடி வான்டர்வெல்டே
வேலிக்கு மேல் எட்டிக் கேட்பாள்:
"டோரீன், ஸ்டிக்கரில் போட்டதை இது ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறது?"
"நீ அவர் மாதிரி ஓட்டுவதில்லையே" என்பேன்.
"எவர்?"

செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது, புகைக்குழலே இல்லாமல்.
ஹைதம் பழக்கத்தில் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்,
குனிந்து தேடி,
நிமிர்ந்து, குழாயும் கையுமாக நின்றான்
விருந்துக்குப் போன வீடு பூட்டியிருந்த மாதிரி.
அதற்கும் ஓர் எண் எழுதியாக வேண்டும்,
கேலனுக்கு இத்தனை என்று,
கேலனே இல்லாமல்.

ஷிஃப்ட் முடிந்து என் பழசை எடுக்கிறேன்.
ஹீட்டர் முழுசாக, டயரில் காற்று அரைகுறையாக.
என்ன கொடுக்கிறது என்று நான் பார்ப்பதே இல்லை,
சமையல்காரி வீட்டில் பசியாறுவதற்கு எது கிடைத்தாலும் சரி.

சாலையில் விளக்கு பச்சை.
கால் தானாக எழும்பி பிரேக்குக்கு நகர்கிறது.
பின்னால் ஒரு பிக்கப் ஹாரன் அடிக்கிறது, மறுபடியும் அடிக்கிறது.

பொறுங்கள். முப்பத்தெட்டு நொடி.
அவர் இன்னும் நிற்கிறார்.