பிழைக்கும் துவக்கு

ஆதம்லெவ்வைக் காக்கா பாயை விரித்து
மூன்று துவக்கை வரிசையாய்க் கிடத்தினார்.
மொனராகலைத் தோட்டத்துத் துரை
கப்பலேறும்போது விட்டுப்போனவையாம்.

சொட்கன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.
போன மாரியில் அண்ணன் வைத்த ஒரே வெடியில்
பன்றிக்கு இரண்டு சன்னம்,
வட்டவிதானையாரின் எருமைக்கு ஏழு.
அந்த எருமைக்கு இன்னும் நெல் அளக்கிறோம்.

முதலாவது போல்ட் துவக்கு. நல்ல சாமான்தான்.
தோட்டா ஒவ்வொன்றும் நடுவிரல் நீளம்.
"ரெண்டு கட்டைக்குப் போகும் தங்கச்சி."
ரெண்டு கட்டையில் தம்பிலுவில் சந்தை வந்துவிடும் காக்கா.
என் பரணில் இருந்து வரம்புக்கு நாற்பது யார்.
அதோடு போல்ட் வலப்பக்கம்.
எனக்கு வலக்கண் இல்லை:
சூடடிக்கும்போது விழுந்த ஒரு நெற்சுணை,
எட்டு நாள் சிவப்பு, பிறகு வெள்ளை.
இடத்தோளில் வைத்துச் சுடுகிறவள்
அதை இழுக்க முகத்துக்குக் குறுக்கே கை போகவேண்டும்.
பன்றி அதுவரைக்கும் நிற்குமா?

மற்ற இரண்டும் லீவர்.
அடியில் ஒரு வளையம்; விரலை நுழைத்துக்
கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார்.
இடக்கை வலக்கை அதற்கு ஒன்றுதான்.
தின்பது ரிவோல்வர் தோட்டா,
குட்டை, தடிப்பு, சுண்டுவிரல் நுனியளவு.
தோளை இடிக்காது.
பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால்
தப்பினதும் சேற்றுக்குள்ளேயே படுத்துவிடும்.

ஒன்றின் பக்கத்தில் வெள்ளியில் ஒரு மான் பாய்ந்தது.
மற்றதன் கட்டை வெடித்து
செப்புக் கம்பியால் சுற்றியிருந்தது.
"மானை எடு, பேத்திக்கும் நிற்கும்."
எனக்குப் பேத்தி இல்லை, மகளே இல்லை.
"சுட்டுப் பார்த்து எடுக்கிறேன்" என்றேன்.

சின்ன முகத்துவாரத்து மணல் திட்டியில்
நாட்காட்டித் தாள் ஒன்றைக் குத்திவைத்தார்.
பெரிய எட்டு, சிவப்பில். போயா தினம்.
நெல் மூட்டையில் குழலைச் சாய்த்து
ஐந்து மானுக்கு, ஐந்து கம்பிக்கு.

மான் எட்டின் நடுவயிற்றில் ஒன்று போட்டது.
காக்கா கைதட்டினார்.
பிறகு ராகுகாலத்தில் ஒன்று,
நல்லநேரத்தில் ஒன்று,
மணலில் இரண்டு.

கம்பி எட்டைத் தொடவே இல்லை.
ஐந்தும் தாளின் இடது கீழ் மூலையில்,
ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு,
ஒரு ரூபாய்க் குற்றியால் மூடிவிடலாம்.

"ஒண்டும் படல்லயே" என்றார்.
"இதுதான் வேணும்" என்றேன்.

அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பேச்சு வரவில்லை.
அண்ணன் குணராசா சம்பளத்தன்று மட்டும் குடிப்பான்;
அன்றைக்குப் போய்ப் பஸ் தரிப்பில் நிற்பேன்,
பாதிக் காசாவது வீடு வரும்.
நெல் முதலாளி ஒருநாள் சரியாக நிறுப்பான்,
ஒருநாள் ஒரு மரக்கால் விழுங்குவான்.
அவனுக்கு நான் எந்தத் தரிப்பில் நிற்பது?

முன்குறியைத் திருத்துவது தலைகீழ் வேலை.
குண்டு இடப்பக்கம் போனால்
குறியையும் இடப்பக்கமே தட்டவேண்டும்.
பதிந்து போனால் குறியை அராவிப் பதிக்கவேண்டும்.
பிழை போன வழியே கொஞ்சத்தூரம்
கூடப் போய்த்தான் கூட்டிவரலாம் போலிருக்கிறது.
அரத்தோடு ஒரு பின்னேரம் போயிற்று.

அம்பாறைக் கச்சேரியில் கிளாக்கர் கேட்டார்,
ஆற்ற பேரில என்று. என்ட பேரில.
சுடத் தெரியுமா? மடித்த தாளை விரித்தேன்.
துளைகளுக்குள்ளால் அவரது சட்டைப் பொத்தான் தெரிந்தது.

இப்போது அந்த எட்டாம் தேதி பரணில் தொங்குகிறது.
பழைய ஐந்தோடு புதிதாய் நான்கு:
ஒன்று விளிம்பில்,
மூன்று எட்டின் கீழ் வளையத்துக்குள்.
கதிர் பால் பிடித்துவிட்டது.
தங்கவேலாயுதபுரத்துப் பக்கம் நாய் குரைக்கிறது.
வரம்புக்கு அங்கால் எதுவோ மூச்சுவிடுகிறது,
நாற்பது யாருக்கு இன்னும் வரவில்லை.

காக்கா தந்த பத்துத் தோட்டாவில்
ஆறு மிச்சம்.