ஓடிக்கொண்டிருந்தால் மட்டும்

தார்த்துவில் மார்ச் மாதம்.
எமாயோகி ஆற்றில் பனிப்பாளம் உடையும் ஓசை
இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி வருகிறது.
திரையில் ஒரு கடிதம்.
ஐஸ்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து
ஸ்டெய்னுன் என்பவர் எழுதியிருக்கிறார்.
திட்டவில்லை.
அதுதான் உறைத்தது.

"உங்கள் பொதியின் புதிய பதிப்பு
நேற்றிரவு மூன்றேகாலுக்குத் தானாக இறங்கியது.
எங்கள் ஊரின் பனிச்சரிவுச் சங்கு
உங்கள் சேவை சொன்னால்தான் ஊதும்.
கோபுரத்தில் கம்பி மாற்றுகிறோம் என்று
வெள்ளிக்கிழமையே அதை நிறுத்திவைத்திருந்தேன்.
உங்கள் பொதி அதை எழுப்பிவிட்டது.
அறுந்துகிடந்த கம்பியை அது ஆபத்து என்று படித்தது.
நூற்றுப் பன்னிரண்டு பேர்
இரவு உடையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.
பேக்கரிக்கார ஒட்கெய்ர்
மாவு பிசைந்த கையோடு வந்தார்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் அடுத்த முறை ஊதும்போது
எத்தனை பேர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள்
என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

நிறுவி முடித்ததும் ஓடும் என் நிரலைத் திறந்தேன்.
பதினேழாவது வரி.
ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியது:
மறுபடி தொடங்கு.
அவ்வளவுதான்.
ஒரு கேள்வி கிடையாது.
பெயருக்குக்கூட ஓர் 'ஆல்' விகுதி கிடையாது.

அன்றைக்கு என் பயம் வேறு.
ஓட்டை அடைத்த நூலகம் வட்டில் வந்து உட்கார்ந்த பிறகும்
ஓடுகிற சேவை பழையதையே
நினைவகத்தில் கட்டிப் பிடித்திருக்கும்.
நாம் அழித்த கோப்பு அதற்கு மட்டும் அழியாது.
பூட்டை மாற்றியாயிற்று என்று நாம் தூங்கப் போக
பழைய பூட்டு அங்கேயே தொங்கும்.
அதனால்தான் எழுப்பு, எல்லாரையும் எழுப்பு என்றேன்.
நிற்பதெல்லாம் விழுந்து கிடப்பது என்றே நினைத்தேன்.
ஒருத்தி கைவைத்து நிறுத்தியதும்
அதே மாதிரிதான் நிற்கும்;
பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இப்போது எழுதுகிறேன், மெதுவாக.
முதலில் அமைவுக் கோப்பைப் படித்துப் பார்.
ஒரு காற்புள்ளி பிசகியிருந்தாலும்
ஓடுவதைத் தொடாதே, ஓடட்டும்.
புதியது முழுதாக இறங்குமுன்
பழையதை அனுப்பிவிடாதே.
அதன்பின்
ஓடிக்கொண்டிருந்தால் மட்டும்
மறுபடி தொடங்கு.

ஒரு வெற்று இயந்திரத்தில் சோதித்தேன்.
நிறுத்தினேன், மேம்படுத்தினேன்:
நின்றது நின்றபடி.
ஓடவிட்டேன், மேம்படுத்தினேன்:
புது எண்ணோடு ஓடியது, நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று.
அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேநீர் ஆறிவிட்டது.

வியாழன் அவரிடமிருந்து பதில்.
"கம்பி ஏறிவிட்டது. சேவையை நானே தொடங்கினேன்.
ஞாயிறு பகல் பதினொன்றுக்குச் சங்கு ஊதிப் பார்க்கிறோம்.
ஒட்கெய்ர் சூடாக ரொட்டி தருவாராம்,
வீட்டைவிட்டு வெளியே வந்தால் மட்டும்."