தராசின் முகம்

மதுரையில் மூன்று நாள் பயிற்சி.
சான்றிதழில் என் பெயருக்கு ஓர் ஒற்று குறைந்திருந்தது.
'மாற்றத்தை முன்னின்று நடத்துதல்' என்று
பொன்னெழுத்தில் போட்டிருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

முக்கூடல் பீடிச் சங்கத்தில்
மறுநாளே மூன்று சுற்றறிக்கை.
டோக்கன். யோசனைப் பெட்டி. மாதக் கூட்டம்.
பெட்டியில் முதல் மாதம் விழுந்தவை
ஒரு பஸ் டிக்கெட், ஓர் ஊக்கு,
செக்கர் தவசிக்கனிக்கு ஒரு கெட்ட வார்த்தை,
அதுவும் எழுத்துப் பிழையோடு.

கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள்.
மூன்று பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

மீதி ஒருத்தி முப்பிடாதி.
மடியில் சொளவு. கை ஓயவில்லை.
இலை சுருண்டு, தூள் அடங்கி, நூல் சுற்றி,
நான் 'வெளிப்படைத்தன்மை' என்று முடிப்பதற்குள்
ஒரு பீடி.
எழுந்து போகையில் கேட்டாள்:
"அது கெடக்கட்டும் சார்,
அந்தத் தராசு ஏன் ஒங்களையே பாத்துக்கிட்டு இருக்கு?"

அன்று ராத்திரி தூக்கமில்லை.
ஆறு வருஷமாக அந்தச் சிவப்பு எண்கள்
எனக்கும் தவசிக்கனிக்கும் மட்டுமே எரிந்தன.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்
எங்கள் வாயைத்தான் படித்தார்கள்.

காலையில் திருப்பி வைத்தேன்.
இரண்டு கையால், பாதி வட்டம். அவ்வளவுதான்.
தவசிக்கனி இரண்டு நாள் லீவு போட்டார்.
நான் எதிர்பார்த்த கைதட்டல் வரவில்லை.
ஒரு வாரம் யாரும் எண்ணைப் பார்க்கவே இல்லை,
பழக்கத்தில் என் முகத்தையே பார்த்தார்கள்.
"பாருங்க, பாருங்க" என்று நான் காட்டக் காட்டக்
கூசிக் கண்ணைத் தாழ்த்தினார்கள்.

பத்தாம் நாள் செய்யதலி பாத்திமா
மெதுவாக, "நிறுத்துங்க" என்றாள்.
"இலையோட நனைஞ்ச சாக்கும்
சேந்துல்லா நிறுக்கீய?"
வரிசையில் ஒரு சத்தமில்லை.
சாக்கை எடுத்துத் தனியே வைத்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
குறைந்த இலைக்கு இவ்வளவு நாளும்
கைக்காசு போட்டு வாங்கி உருட்டியிருக்கிறார்கள்.
ஆறு வருஷத்தால் அதைப் பெருக்க
எனக்குத் தைரியம் வரவில்லை.
அவர்கள் பெருக்கினார்கள்,
பழைய அட்டைகளின் பின்பக்கத்தில், பென்சிலால்.

அப்புறம் எனக்கு மஞ்சள் காமாலை.
பன்னிரண்டு நாள் வீட்டில்
மோரும், கீழாநெல்லியும்,
நானில்லாமல் சங்கம் தடுமாறும் என்ற
வெளியே சொல்ல முடியாத ஆசையும்.

திரும்பி வந்தால்
தராசு நான் வைத்த இடத்தில் இல்லை.
வாசலுக்கே வந்திருந்தது, வெளிச்சத்துக்கு.
கழிவு பீடியைக் கூடையில் எறியுமுன்
உருட்டினவள் கையில் கொடுத்துக் காட்ட வேண்டுமாம்.
யார் சொன்னது என்று கேட்டேன்.
யாருக்கும் நினைவில்லை.
"அப்படித்தான சார் நடக்கு" என்றார் தவசிக்கனி,
பிறந்ததிலிருந்தே அப்படி நடந்தவர் போல.

கொஞ்சம் வலித்தது. சொல்லத்தான் வேண்டும்.

யோசனைப் பெட்டியின் பூட்டை நெம்பி
நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.
சாவி இன்னும் என் சட்டைப்பையில்.