ஒன்பதிலிருந்து ஒன்பதரை

தேர்ப்பேட்டை முக்குக் கடையில்
இட்லி மாவு பாக்கெட் ஐம்பது ரூபாய் ஆன அன்று
பையை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.
முனிரத்தினத்துக்கு அந்த மாதம் ஓவர்டைம் இல்லை.
கம்பெனியில் ராத்திரி ஷிப்டையே
எடுத்துவிட்டார்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன்.
இடப்பக்கம் கடை விலை,
வலப்பக்கம் என் விலை.
மாவு, தயிர், இஞ்சி பூண்டு விழுது.
பாத்திரம் விளக்க
எலுமிச்சைத் தோலும் பூந்திக்கொட்டையும் ஊறிய தண்ணீர்.
நுரை கம்மி, ஆனால் பிசுக்குப் போகிறது.
நுரைக்குத்தான் இத்தனை நாள் காசு கொடுத்திருக்கிறோம்
என்றேன்.
அவர் தட்டை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப்
பேசாமல் சாப்பிட்டார்.

ராயக்கோட்டையில் தக்காளி
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வாரம்
ஒரு பெட்டி வாங்கி
பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்தேன்.
வழியெல்லாம் ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது,
மாடுகூடச் சலித்துப்போய் நின்றது.
ஆறு பாட்டில் சாஸ்.
ஐந்தாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு
சமையல்கட்டில் வேட்டுச் சத்தம்.
மூடி போய் மேல்தளத்தில் அடித்து
சுண்ணாம்பில் சிவப்பாக ஒரு வட்டம்.
லக்ஷிதா எழுந்து வந்து
இன்னொன்று வெடிக்குமா என்று கேட்டாள்.

வீட்டுக்கார ரத்னம்மா அண்ணாந்து பார்த்தார்.
கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார்,
தமிழில் ஒரு தொகை சொன்னார்.
அட்வான்சில் எழுநூறு கழிவு.
அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
நோட்டின் நடுவே
பின் அடித்த இடத்தில் எழுதி வைத்தேன்.

ஒருநாள் அவரே நோட்டை எடுத்தார்.
அவருக்குக் குவாலிட்டி செக்ஷன்,
தப்பைப் பார்த்தால் கை பென்சிலைத் தேடும்.
பாகலூர் ரோஜா ஷெட்டில் உனக்குக் கூலி நானூற்று இருபது,
அரைமணிக்கு இருபத்தாறே கால்.
மாவு ஆட்டி வழித்துக் கல்லைக் கழுவ அரைமணி,
அதில் மிச்சம் இருபத்திரண்டு.
நாலே கால் ரூபாய் நஷ்டம், பார்
என்று கோடு கிழித்தார்.

கணக்கு சரிதான்.
சரியான கணக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ராத்திரி ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை
என்னிடம் இருக்கிற இந்த அரைமணியை
எந்த ஷெட்டில் எடுத்துக்கொள்கிறார்கள், சொல்லுங்கள்,
காலையிலேயே போய் வரிசையில் நிற்கிறேன்.
கால் வலி போக மிஞ்சியது அது.
யாரும் விலை கேட்காத சரக்கு.
ராயக்கோட்டைக்காரர்கள் ரோட்டில் கொட்டினார்கள்,
நான் கல்லில் போட்டு ஆட்டினேன்.

அவர் ரப்பரைத் தேடினார்.
வேண்டாம், கோடு இருக்கட்டும் என்றேன்.

பங்குனியில் பென்னாகரத்திலிருந்து
தம்பி மாதையன் ஒரு மூட்டை புளி போட்டுவிட்டான்,
ஓட்டோடும் கொட்டையோடும் இருபது கிலோ.
கல்யாணத்துக்கு முன்னால்
ஏழு பங்குனி நான் புளி தட்டியவள்.
மண்டிக்காரர் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
புளி அவருடையது, தராசும் அவருடையது,
நகக்கண் எரிச்சல் மட்டும் எங்களுக்கு.
எங்கள் குழம்புக்குக் கடையில் கால் கிலோ வாங்குவோம்.

மூன்று ராத்திரி தட்டினேன்.
லக்ஷிதா கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி
நூறுக்குமேல் எண்ண மறந்து தூங்கிப்போனாள்.
கடைசிச் சுளையை உருவிப் போட்டதும்
முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து
வாசலைப் பார்த்து நின்றேன்,
எடை போட ஆள் வரவேண்டும் என்பதுபோல.

முனிரத்தினம் வாளியைக் கையால் தூக்கிப் பார்த்தார்.
ஒன்பது கிலோ இருக்கும் என்றார்.
மண்டிக்காரரும் எப்போதும்
ஒரு கிலோ குறைத்துத்தான் சொல்வார்.

வலப்பக்கத்தில் எழுதினேன்: பத்து.