அடுத்து வருகிறவருக்கு

பெயர்ப்பலகையில் ‘மருத்துவர்’ வரைக்கும் பெயிண்ட்.
அதற்குப் பிறகு சாக்பீஸ்.
நாலு வருஷத்தில் ஆறு பேர் என்றானதும்
கலியபெருமாள் பிரஷைக் கழுவி வைத்துவிட்டார்.

ஆணை வந்தது.
கடினப் பகுதிப் படி உண்டு,
மேற்படிப்புக்கு ஊக்க மதிப்பெண் உண்டு,
குடியிருப்புக்கு வெள்ளையடிக்க ஒதுக்கீடு உண்டு.
அடித்தார்கள், உப்புப் பூத்த சுவரின் மேலேயே.
ஐப்பசி மழைக்கு உரிந்து
கொடியில் கிடந்த துணியெல்லாம் மாவு.

ஏழாவதாக வந்தவர் ஹெப்சிபா. நாகர்கோவில் பக்கம்.
வந்த அன்று கேட்டது ஒன்றுதான்:
குளியலறைக்கு உள்தாழ்ப்பாள்.
எந்த ஆணையிலும் அதற்குப் பத்தி இல்லை.
மருந்து இருப்புப் பதிவேட்டை மூடிவிட்டு
நானே தலைஞாயிறு போய் வாங்கி வந்தேன்.
நாற்பத்தைந்து ரூபாய். திருகாணி தனி.

ஒரு வருஷம் பத்து மாதம் இருந்தார்.
கார்த்திகையில் மதுரையில் இடம் கிடைத்தது,
குழந்தை மருத்துவம்.
குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
என் மகளும் திருச்சி விடுதியில்தான் படிக்கிறாள்.

சாவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தார்.
அட்டையில், ‘அடுத்து வருகிறவருக்கு’.

காத்தமுத்து: மாத்திரை முழுசும் போட்டேன் என்பார். பாதிதான்.
மீதிப் பாதி மனைவிக்கு.

மும்தாஜ் பேகம்: நெஞ்சுவலி என்று வந்தால் முதலில் ஈசிஜி.
பிறகு, மகன் போன் பண்ணினானா என்று கேளுங்கள்.
வரிசை மாறக் கூடாது.

மேலத்தெரு செல்வநாயகி: எடை பார்க்கும்போது
திரையை இழுத்துவிடுங்கள்.

சம்பாவுக்கு மருந்தடிக்கிற வாரம்
அட்ரோபின் இருக்கிறதா என்று மருந்தாளரைக் கேளுங்கள்.
இல்லை என்பார். இருக்கும்.

கடைசிப் பக்கத்தில்:
தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். தூக்கித் தள்ளவும்.

செவ்வாய், வெள்ளி இப்போது ஒருவர் வருகிறார்,
வேதாரண்யத்திலிருந்து, கூடுதல் பொறுப்பு.
நோட்டை மேசையில் வைத்தேன்.
அதன் மேல் ஹெல்மெட்டை வைத்தார்.
பதினொன்றே முக்காலுக்குள் எழுபத்திரண்டு டோக்கன்,
அவரையும்தான் என்ன சொல்ல.

“மாத்திரை முழுசும் போடுறீங்களா?”
“போடுறேன் சார்.”
அடுத்த டோக்கன்.

மருந்துச் சன்னலுக்கு வந்த காத்தமுத்துவிடம்
ஒரு புதுச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு
வீட்டுக்காரம்மா பேர் என்ன என்று கேட்டேன்.

பையைத் திறந்தார், மூடினார்.
பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

செங்கமலம் என்றார்,
ரொம்ப நேரம் கழித்து.