முப்பத்தொன்றாவது படம்

ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு.
கலாமாவின் செப்புச் சுரங்கத்தில்
முந்நூறு டன் பாறையை முதுகில் ஏற்றிய லாரியைப்
பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவருகிறவள் நான்.
விடுப்பின் முதல் இரவு
பாலைக்குள் அறுபது கிலோமீட்டர் போய்
பிக்கப்பிலிருந்து இறக்குகிறேன்
கூலியில்லாத நாற்பது கிலோ.

முக்காலியின் மூன்று கால்களும்
உப்புத்தரையில் மூன்று விதமாய் இறங்கும்.
ஒன்றுக்கு அடியில் தட்டைக்கல்.
மட்டக்குமிழி நடுவுக்கு வராது;
வந்தால், மூச்சு விட்டதும் போய்விடும்.

வடக்கே இருப்பவர்களுக்குக் கொடுப்பினை,
அச்சுக்கு நேரே ஆணி அடித்ததுபோல் ஒரு விண்மீன்.
எங்கள் தெற்குத் துருவம் காலிமனை.
பக்கத்து மனையில் மங்கலாய் ஒரு புள்ளி குடியிருக்கிறது.
அதைத் தேட முழங்கால் சரளையில் பதியும்.
இடத்திருகைத் தளர்த்து, வலத்திருகை இறுக்கு.
தளர்த்தாமல் இறுக்கினால் எதுவும் நகராது.
இது என் கைக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

பிறகு எடை.
குழாய் ஒரு பக்கம், இரும்பு வட்டுகள் மறுபக்கம்.
பிடியைத் தளர்த்திக் கையை எடுக்கிறேன்.
எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது,
சம்பளப் பேச்சுவார்த்தையில்
எங்கள் சங்கச் செயலாளர்
ஒருநாளும் நிற்காத மாதிரி.

கோடு கோடாய் வெட்டிய மூடியைக் குழாய் வாயில் மாட்டினால்
ஃபோமல்ஹாட் மூன்று கீற்றாய்ப் பிளக்கும்.
நடுக்கீற்று நடுவில் உட்காரும்வரை
ஒரு மயிரிழை முன்னே, அரை மயிரிழை பின்னே.
கையுறையோடு ஆகாது.
மைனஸ் ஆறு.

இன்று ஹீலிக்ஸ்.
செத்துக்கொண்டிருக்கும் விண்மீன்
பாம்புபோல் உரித்துப் போட்ட சட்டை.
ஐந்தைந்து நிமிடமாய் அறுபது படம்.
பிக்கப்பின் பேட்டரியிலிருந்து ஒரு வயர்,
வயரின் முனையில் மோட்டார்,
பூமி சுற்றுவதை இல்லையென்று ஆக்க
அது எதிர்த்திசையில் சுற்றுகிறது.
நான் தெர்மாஸைத் திறக்கிறேன்.

முப்பது வரை ஒரு குறையுமில்லை.

மேற்கே இரண்டு விளக்கு வந்து, முக்கி, அணைந்தன.
கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம்.
எவாரிஸ்டோ சோக்கே என்றான்.
வண்டி செத்துவிட்டதாம்,
பின்னால் நாய்கள் குதறிய லாமாவாம்,
சான் பெட்ரோவில் வைத்தியர் விழித்திருக்கிறாராம்.
என் குழாயைப் பார்த்தான், அது பார்க்கும் பக்கம் பார்த்தான்.
'அங்கே ஒன்றுமில்லையே' என்றான்.
'ஆமாம்' என்றேன்.

இன்னும் நான்கு நிமிடம் பொறு
என்று நாக்கு நுனிவரை வந்ததை
இங்கே எழுதிவைக்கிறேன்.
வயரைப் பிடுங்கினேன்.
மோட்டார் ஒரு பீப் சொல்லி நின்றது.

அவன் வண்டிக்கு மூக்கோடு மூக்காய் என் வண்டி,
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
போர்வைக்குள்ளிருந்து ஒரு கழுத்து
விளக்கொளியில் என்னையே பார்த்தது.
மூன்றாம் தடவையில் என்ஜின் பிடித்தது.
அவன் நன்றி சொன்னானா, நினைவில்லை.

கேமராவுக்குத் தனி பேட்டரி.
ஷட்டரை மூட மறந்திருக்கிறேன்.
முப்பத்தொன்றாவது படத்தில்
ஒவ்வொரு விண்மீனும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு வால்.
தண்ணீரே காணாத ஊரில்
குளம் நிறையத் தலைப்பிரட்டைகள்.
மூலையில் ஆரஞ்சாய்க் கசிந்தது என் முகப்பு விளக்கு.

திரும்ப முழங்காலிட்டேன், திரும்பக் காலிமனை.
விடியுமுன் இன்னும் பதினெட்டு படம் தேறியது.
கடைசியில் மூடியைப் போட்டு
வெறும் இருட்டை இருபது தடவை எடுத்தேன்,
கேமராவின் சொந்தப் புலம்பலைக் கழிக்க.

வீட்டில் மென்பொருள் கேட்டது, முப்பத்தொன்றை நீக்கவா?
நீக்கினேன். கணக்கு கணக்குதான்.
ஹீலிக்ஸ் நன்றாகவே வந்திருக்கிறது, சிவப்பும் நீலமுமாய்.

லாரியின் வெயில் மறைப்பில் செருகியிருப்பது மற்றது.
ஷிஃப்ட் மாற வந்த இஸ்மேனியா
அதைத் தலைகீழாய்த் திருப்பிப் பார்த்து
'என்னடி இது?' என்றாள்.

லாமா, என்றேன்.