கம்புக்கு டிக்கெட்

பஸ்ஸில் எனக்குக் காசு வேண்டாம்.
என் கம்புக்கு வேண்டும் என்றார் கண்டக்டர்.
ஐந்தரை அடி பி.வி.சி. குழாய்,
அடியில் கூழாங்கல் போட்டு மூடி அடைத்தது,
மேலே சுருட்டிய ஆரஞ்சுத் துணி.
"லக்கேஜ்" என்றார்.
"கொடி" என்றேன்.
"எந்தக் கட்சி?"
பின்சீட்டு வரை போய்த் திரும்பியது சிரிப்பு.

கட்சி இல்லை அண்ணா.
தண்டையார்பேட்டை மேல்நிலைப் பள்ளி,
கொடி அணி, பதினாறு பேர்,
மூன்றாவது வரிசை, இடது கோடி, நான்.

பேண்டு செட்டுக்கு முன்னால் நடப்பவர்கள் நாங்கள்.
அவர்கள் கையில் சத்தம் இருக்கிறது.
எங்கள் வாயில் எண்கள் மட்டும், அதுவும் உதடு அசையாமல்.
ஐந்தில் எறி.
ஆறில் பார்க்காதே.
ஏழில் கை எங்கேயோ அங்கே கம்பு வரும்.
எட்டில் சிரி.
லீடர் டெல்பின் இதைச் சொல்லும்போது சுலபம்.
ஆறு என்பது எவ்வளவு நீளம் என்று
எறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஷமீனாவின் கம்பு என் மேலுதட்டில் இறங்கிய செவ்வாய்க்கிழமை
அம்மா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"இதுக்கு மார்க் உண்டா?"
இல்லை.
"சர்டிபிகேட்?"
எல்லாருக்கும் தருவார்கள்.
"அப்ப எதுக்கு?"
உதடு வீங்கியிருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

தினமும் நாலரைக்குப் பயிற்சி.
அந்நேரம் காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று வரும்,
மீனும் டீசலும் கலந்து, கிழக்கிலிருந்து,
கண்டெய்னர் லாரிகளின் ஹாரனைத் தள்ளிக்கொண்டு.
மூன்று மாதம் அந்தக் காற்றோடுதான் பழகினோம்.
துணி மேற்கே சாயும்,
கம்பும் கொஞ்சம் சாயும்,
கையும் அந்தக் கொஞ்சத்தைக் கற்றுக்கொண்டது.
"போட்டி காலையில. தரைக்காத்து. எல்லாம் தலகீழா வரும்"
என்றாள் டெல்பின். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர்.
கோமளவல்லி கொட்டாவி விட்டாள்.
நானும்.

இன்று காலை பெரியமேடு ஸ்டேடியம்.
சுண்ணாம்புக் கோடு, ஈரப்புல், வெள்ளைக் கேன்வாஸ்.
ஐந்தில் எறிந்தேன்.
ஆறில் பார்க்கவில்லை, சத்தியமாக.
ஏழில் கை இருந்தது.
கம்பு இல்லை.
முதுகுக்குப் பின்னால் எங்கோ
குழாய்க்குள் கல் உருளும் சத்தம்.
எட்டில் சிரித்தேன்.

விழுந்ததை எடுக்கக் குனியக்கூடாது.
திரும்பி வரும் வரை முப்பத்திரண்டு எண்கள்.
அத்தனையும் வெறுங்கையால் செய்தேன்,
இல்லாத எடைக்கு மணிக்கட்டை மடக்கி,
இல்லாத துணியை இடமிருந்து வலம் இழுத்து.
கேலரியில் ஒரு பையன் ஊளையிட்டான்.
இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.
பதினேழோ பதினெட்டோ எண்ணும்போது கவனித்தேன்,
வலப்பக்கம் ஷமீனா.
அவள் நினைத்திருந்தால் கையை வீசி விரித்திருக்கலாம்,
என் பக்கம்தான் காலியாகக் கிடந்ததே.
விரிக்கவில்லை.
என் கொடி வந்து போகும் வழியை
அவள் கொடி தொடவே இல்லை.
ஒவ்வொரு சுழற்சியிலும் அதே ஒரு சாண் விட்டு,
அங்கே துணி பறப்பதுபோல
ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

நான்காம் இடம்.
அழுதவள் கோமளவல்லி, நான் அல்ல.
ஷமீனாவிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.
அவள் பாதி சாத்துக்குடி தந்தாள், தின்றேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.
அம்மாவிடம் காட்டலாமா என்று யோசித்து,
மூடியைத் திருகித் திறந்து
கூழாங்கற்களோடு போட்டு மூடினேன்.
ஸ்டான்லி ஸ்டாப்பில் பிரேக் அடித்தபோது
கம்பு சரிந்து யார் தோளிலோ இடித்தது.
"பாத்துப் புடிம்மா" என்றார்.
சரி என்றேன்.
பார்க்காமல்தான் பிடிக்க வேண்டும் என்பதை
அவருக்கு எப்படிச் சொல்வது?
திங்கட்கிழமை, நாலரை மணி.